காடு வெட்டினது யார்? ஆதொண்டன் கதையும் ஒரு அமெரிக்கப் பேராசிரியரின் புத்தகமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாகக் கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். திருவாலங்காட்டில் அரக்கோணம் லோக்கலைப் பிடித்தால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அந்த மூணு மணி நேரத்தில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் தூங்குவார்கள், நான் படிப்பேன். இந்தத் தளத்தில் இருக்கிற பெரும்பாலான குறிப்புகள் கடம்பத்தூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவில் எழுதினவைதான்.

இந்த முறை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அம்மா வீட்டுச் சொந்தங்களின் வாட்ஸப் குழுவில் ஆதொண்டச் சக்கரவர்த்தி கதை திரும்பவும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. கலர் கலரான படம், தலைப்பாகை, வாள், கீழே "காட்டை அழித்து நாடாக்கிய நம் முன்னோர்" என்று தடிமன் எழுத்து. கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். தொண்டைமண்டலம் ஒரு காலத்தில் குறும்பர்கள் கையில் இருந்தது. ஆடு மேய்க்கிற கூட்டம், இருபத்துநாலு கோட்டை, புழல்தான் தலைநகரம். குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டன் படையெடுத்து வந்து அவர்களை அழித்தான். காடாகக் கிடந்த பூமியை வெட்டித் திருத்த வெளியூர்களிலிருந்து வேளாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். அவர்களுக்கு நிலத்தைக் காணியாட்சியாகக் கொடுத்தான். இருபத்துநாலு கோட்டம், எழுபத்தொன்பது நாடு என்று பிரித்தான். அந்தக் காணியாளர்களின் வாரிசுகள்தான் நாம். இப்படி முடியும் அந்த ஃபார்வர்ட்.

தாத்தாவும் இதைத்தான் சொல்வார். கொஞ்சம் சின்ன அளவில். ஊர்க் கிழக்கே இருக்கிற மேட்டுக் கொல்லையைக் காட்டி, "எங்கப்பன் பாட்டன் காடு வெட்டிக் கழனி ஆக்கினதுடா இது" என்பார். அந்தக் கொல்லையை இப்போது மனை போட விற்கப் போகிறார்கள். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

இந்தக் கதையை முதல்முறை ஊன்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சின்ன வயசில் பார்த்த கௌபாய் படங்கள். ஆளில்லாத பூமி, அங்கே நாகரிகம் இல்லாத ஒரு கூட்டம், கையில் கோடாலியோடு வருகிற உழவன், பின்னாலேயே வருகிற அரசாங்கம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃப்ரெடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் வரலாற்றாசிரியர் 1893 ஜூலையில் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்க வரலாற்றில் எல்லைப்புறத்தின் முக்கியத்துவம் என்பது பொருள். அமெரிக்கனின் குணம், அவனுடைய ஜனநாயகம், தன் காலில் நிற்கிற திமிர் எல்லாமே மேற்கே மேற்கே நகர்ந்துகொண்டிருந்த அந்த எல்லைக்கோட்டில் உருவானது என்றார். அதற்கு மூணு வருஷம் முன்பு எடுத்த 1890 சென்சஸ், இனி அப்படி ஒரு கோடே வரைய முடியாது என்று சொல்லிவிட்டிருந்தது. அதாவது எல்லைப்புறம் முடிந்த பிறகுதான் எல்லைப்புறத்தின் பெருமை எழுதப்பட்டது. நூறு வருஷம் கழித்து பாட்ரிசியா லிமரிக் போன்றவர்கள் வந்து, அய்யா, அந்தப் பூமி காலியாக இல்லை, ஆளிருந்தது, நீங்கள் குடியேற்றம் என்று சொல்வதை அவர்கள் வேறு பெயரில் சொல்வார்கள் என்று எழுதினார்கள்.

நம் ஆதொண்டன் கதைக்கும் அப்படி ஒரு டர்னர் உண்டு. பெயர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். ஆமாம், திருக்குறளுக்கு உரை எழுதிய, திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்பே சொன்ன அதே எல்லிஸ் துரை. சென்னைக் கலெக்டராக இருந்தபோது, மிராசு உரிமை என்றால் என்ன என்று அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்குப் பதில் எழுதினார். 1818ல் அச்சானது. அதற்கு ஆதாரமாகச் சேர்த்தவற்றில் முக்கியமானது அவர் கச்சேரி சிரஸ்தார் சங்கரய்யா எழுதிக்கொடுத்த விவரம். தொண்டைமண்டலக் குடியேற்றக் கதை சர்க்கார் காகிதத்துக்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு நுழைந்தது இப்படித்தான். அதுவரை தலபுராணத்திலும் வம்சாவளியிலும் இருந்த கதை, அதற்குப் பிறகு வருவாய்த்துறை ஆவணம்.

ஏன் அந்தக் கதை தேவைப்பட்டது? எதிர்ப்பக்கம் தாமஸ் மன்றோவும் அவருடைய ரயத்துவாரி முறையும். ஒவ்வொரு உழவனிடமும் சர்க்கார் நேராக வரி வாங்கும், நடுவில் யாரும் வேண்டாம் என்பது அந்தப் பக்கம். எல்லிஸ் இல்லை என்றார். இந்தப் பகுதியில் கிராமம் என்பதே ஒரு கூட்டுச் சொத்து, காணியாளர்கள் பங்கு பங்காக அதை வைத்திருக்கிறார்கள், சில ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கரையீடு செய்து கழனியை மாற்றிக்கொள்கிறார்கள், தரிசும் காடும்கூட அந்தப் பங்கில் சேர்த்தி என்றார். அதற்கு வேர் எங்கே? ஆதொண்டன் கொடுத்த காணியாட்சி. பின்னால் கவர்னராக வந்த மன்றோ 1824 கடைசியில் எழுதிய நீண்ட குறிப்பில் இந்தக் கதையைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் கதை சாகவில்லை. தேவை இருக்கிற கதை சாகாது.

இப்போது எங்க ஊர்ப் பக்கம் கொஞ்சம் வாருங்கள். கதையை இங்கேயே சோதித்துப் பார்க்கலாம், அதிக தூரம் போக வேண்டியதில்லை.

திருவாலங்காடு. பெயரிலேயே காடு. காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காடு கள்ளியும் பேயும் சுடலையும் இருக்கிற இடம்தான். ஆனால் அம்மையாருக்குச் சில நூற்றாண்டு கழித்து இந்தக் காட்டின் நிலைமை என்ன? 1905ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இருக்கிறதே, 31 ஏடுகள், சோழர் பரம்பரையைத் தெரிந்துகொள்ள எல்லோரும் அதன் சமஸ்கிருதப் பகுதியைத்தான் புரட்டுவார்கள். எனக்குப் பிடித்தது தமிழ்ப் பகுதி. முதலாம் ராஜேந்திரனின் ஆறாவது ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1018. பக்கத்து ஊரான பழையனூரை இங்கே இருக்கிற சிவன் கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். பெண் யானையை எல்லை சுற்றி நடத்துகிறார்கள். கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டுகிறார்கள். எந்த ஊர் எல்லை, எந்த வாய்க்கால், எந்த ஏரி என்று வரிசையாகப் போகிறது. நான் வேலை செய்கிற டேட்டாபேஸில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070ல். அவன் மகன் வந்து காடு வெட்டிக் குடியேற்றினான் என்றால், அதற்கு ஐம்பது வருஷத்துக்கும் முன்னாலேயே எல்லைக்கல் நட்டு, வரி எழுதி, நிர்வாகப் பிரிவு பிரித்து வைத்திருந்த பழையனூர் எந்தக் காட்டில் இருந்தது? ராஜேந்திரனையும் விடுங்கள். இங்கிருந்து அரக்கோணம் தாண்டி சோளிங்கர் போகிற வழியில் மகேந்திரவாடி. அங்கே ஏரி வெட்டியவன் பல்லவ மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டு. காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் காலத்தது. ஏரி வெட்டுகிறான் என்றால் கீழே கழனி இருக்கிறது என்று அர்த்தம். கழனி இருந்தால் உழுகிற ஆள் இருக்கிறான்.

அதனால் ஆதொண்டன் கதை மொத்தமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டைமண்டலத்தில் மேடும் முட்புதரும் ஏரிப்பாசனமும் கலந்தே கிடந்தன. மழை பொய்த்தால் கழனி காடாகும், ஏரியைத் தூர்வாரினால் காடு கழனியாகும். ஒரே இடத்தை நாலைந்து தடவை வெட்டியிருப்பார்கள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ராஜா, ஒரே ஒரு சாதி என்று அதைச் சுருக்கினதுதான் கதையின் வேலை. மேய்ச்சல்காரர்களான குறும்பர்கள் அந்தச் சுருக்கத்தில் வில்லன்கள். லோக்கலில் போகும்போது திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரும். அந்த ஊர்க் கோயிலில் இரண்டு எருக்கந்தூண்கள் இருக்கின்றன. குறும்பர் கோட்டையிலிருந்து தொண்டைமான் ஜெயித்துக் கொண்டுவந்தது என்பது தலபுராணம். எருக்கஞ்செடி தூண் ஆகிற அளவுக்கு வளருமா என்று கேட்காதீர்கள். தோற்றவன் வீட்டுத் தூண் ஜெயித்தவன் கோயிலில் நிற்கிறது என்பதுதான் அங்கே செய்தி.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

யூஜின் இர்ஷிக் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். நீதிக்கட்சிக் காலம் பற்றிய அவருடைய 1969 புத்தகம் இங்கே பலருக்குத் தெரியும். 1994ல் வந்த 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி' அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1795 முதல் 1895 வரை நூறு வருஷம், இடம் செங்கல்பட்டு ஜில்லா. கம்பெனி 1763ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து வாங்கிய 'ஜாகிர்' அதுதான். பல்கலைக்கழகப் பதிப்பகமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, ஆகவே காசு இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

அவருடைய வாதம் இது. நாம் பழங்காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது என்று நம்புகிற தமிழ்க் கிராமம், ஒரே இடத்தில் வேர்விட்டு உட்கார்ந்த உழவன், எல்லாம் பொற்காலமாக இருந்து கெட்டுப்போனது என்ற எண்ணம், இவை பழசு இல்லை. இந்த நூறு வருஷத்தில் உருவானவை. ஆனால் வெள்ளைக்காரன் தனியாக உட்கார்ந்து கற்பனை செய்ததும் இல்லை. துரைமாரும் உள்ளூர் ஆட்களும் பேசிப் பேசி, மனு போட்டு, சண்டை போட்டு, சாட்சி சொல்லிச் சேர்ந்து கட்டினது. அதைத்தான் உரையாடல் என்கிறார். 1978ல் எட்வர்ட் சயீத் எழுதியதற்குப் பிறகு எல்லாப் பழியையும் காலனிய அறிவின்மேல் போடுகிற பழக்கம் வந்துவிட்டதல்லவா, அதற்கு ஒரு மறுப்பு.

இதில் லயனல் பிளேஸ் வருகிற பகுதிகள் அருமை. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் நடுராத்திரி குடை பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் ராம லட்சுமணரைப் பார்க்கிறாரே கலெக்டர் துரை, அவரேதான். 1794லிருந்து நாலைந்து வருஷம் ஜாகிரை ஆண்டவர். பக்திக் கதையில் பார்த்த மனுஷனை வரித்தகராறில் பார்ப்பது தனி அனுபவம். பிளேஸுக்கு முன்னால் இருந்த பெரிய பிரச்சினை, ஜனங்கள் நிற்க மாட்டேன் என்கிறார்கள். வரி அதிகமானால் மாட்டை ஓட்டிக்கொண்டு ஜாகிர் எல்லையைத் தாண்டிவிடுவார்கள். மிராசுதாரர்கள் பயிர்வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். பிளேஸ் சில ஊர்களில் அவர்களைத் தள்ளிவிட்டு, வெளியூரிலிருந்து வந்து குத்தகைக்குப் பயிர்செய்கிற பாயக்காரிகளிடம் நிலத்தைக் கொடுத்தார். ஊரைவிட்டு ஓடுவது அன்றைக்கு ஒரு அரசியல் ஆயுதம். பெட்டி படுக்கையோடு வேலையை ராஜினாமா செய்கிற மாதிரி.

இதை அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். அங்கே 1862ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. 160 ஏக்கர், அஞ்சு வருஷம் தங்கிப் பயிர்செய், நிலம் உனக்கு. கடைசியில் கணக்குப் பார்த்தால் பதினாறு லட்சம் குடும்பங்கள்போல, 27 கோடி ஏக்கர். அங்கேயும் பிரச்சினை மனிதர்களை ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான். பூர்வகுடிகளுக்கு 1887ல் டாஸ் சட்டம் போட்டார்கள். கூட்டாக வைத்திருந்த இனக்குழு நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு பட்டா, மிச்சத்தை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடு. நாகரிகம் என்றால் வேலி என்று இரண்டு கண்டத்திலும் ஒரே சமயத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். இர்ஷிக் தன் புத்தகத்தில் காட்டுகிற அந்த "நிலைப்படுத்தும்" ஆசை உலகம் பூராவும் அடித்த ஒரு காய்ச்சல்.

இதுவரை எனக்குப் புத்தகத்தோடு சண்டை இல்லை. எனக்கு இடிக்கிற இடம் அந்த 'உரையாடல்' என்ற சொல்தான்.

ஒரு மீட்டிங்குக்குப் போகிறோம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். மினிட்ஸில் "அனைவரும் கலந்துபேசி முடிவெடுக்கப்பட்டது" என்று வருகிறது. யார் பேசினார், யார் காபி கொண்டுவந்தார் என்று அதில் இருக்காது. எல்லிஸிடம் பேசினவர் சங்கரய்யா. சங்கரய்யாவிடம் பேசினவர்கள் காணியாளர்கள். அந்தக் காணியாளர்களின் கழனியில் இறங்கி வெட்டினவர்கள் யாரிடமும் பேசவில்லை. அதாவது, யாரும் அவர்களைக் கேட்கவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவின் நஞ்சையில் படியாளாகவும் அடிமையாகவும் இருந்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பறையர்கள். அடிமைத்தனத்தைக் கோர்ட்டு இனி ஏற்காது என்று 1843ல் ஐந்தாம் சட்டம் வந்த பிறகும் கடன், குடியிருப்பு மனை, பழக்கம் என்ற மூணு கயிற்றில் அவர்கள் கட்டப்பட்டே இருந்தார்கள். இர்ஷிக் அவர்களை மறக்கவில்லை, புத்தகத்தின் பின்பகுதி முழுக்க அவர்களைப் பற்றித்தான். ஆனால் அவர்களையும் அதே உரையாடலின் ஒரு குரலாக எழுதும்போது, குரல்களின் எடை எல்லாம் ஒன்று மாதிரி ஆகிவிடுகிறது. பல குரல் இருக்கிறது என்பது உண்மை. ஒரு குரலுக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை இருக்கிறான், இன்னொரு குரலுக்குப் பின்னால் நாளைக்குக் கூலி கிடைக்குமா என்ற பயம் இருக்கிறது. இது வெறும் குரல் கணக்கு இல்லை.

இதை நான் உணர்ந்தது இர்ஷிக்கைப் படித்து அல்ல, அதற்கு இருபது வருஷம் கழித்து 2014ல் வந்த ரூபா விஸ்வநாத்தின் 'த பறையா ப்ராப்ளம்' படித்தபோது. ஒரே ஜில்லா, ஏறக்குறைய ஒரே காகிதங்கள். ஆனால் அவர் கேட்கிற கேள்வி வேறு. நிலம் வைத்திருந்த சாதிகளும் சர்க்காரும் எந்தெந்த இடத்தில் கைகோத்தார்கள்? அடிமட்டத்து ஆள் நிலம் கேட்டபோது ஃபைல் எந்த மேஜையில் நின்றது? ஒரு சிஸ்டத்தில் பிழை எங்கே என்று தேடுகிறவனுக்கு இரண்டாவது கேள்விதான் உபயோகப்படும்.

ஃபைல் நின்ற இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

தரிசு நிலம் வேண்டுமென்றால் தர்காஸ்து மனு போட வேண்டும். ரயத்துவாரியில் இது யாரும் போடலாம். அமெரிக்காவில் 1841லேயே ஒரு முன்னுரிமைச் சட்டம் இருந்தது. பொது ஏலத்துக்கு வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்து உழ ஆரம்பித்தவனுக்கு அந்த நிலத்தை முதலில் வாங்குகிற உரிமை, ஏக்கர் ஒண்ணேகால் டாலர். அங்கே முன்னுரிமை என்றால் முதலில் ஏர் பூட்டினவனுக்கு. செங்கல்பட்டிலும் முன்னுரிமை இருந்தது. மிராசுக் கிராமத்தில் மிராசுதாரருக்கு. சேரியிலிருந்து ஒருத்தன் துணிந்து மனு போட்டால், மிராசுதாரர் அதே நிலத்தை எனக்கு வேண்டும் என்று சொல்லலாம், அவருக்குத்தான் முதல் உரிமை. அவர் பயிர்வைக்க வேண்டிய கட்டாயம்கூட நடைமுறையில் பெரிதாக இல்லை. மனு போட்டவனுக்கு நிலம் போகாமல் இருந்தால் போதும். ஏனென்றால் அவனுக்கு இரண்டு ஏக்கர் இருந்தால் மறுநாள் நம் கழனிக்கு நடவுக்கு யார் வருவார்? இந்த முன்னுரிமையின் வேரைத் தோண்டினால் கடைசியில் எங்கே போய் நிற்கிறது? 1818ல் அச்சான அந்தப் பதில்கள். ஆதொண்டன் காணியாட்சி. முன்னோர் காடு வெட்டியதால் காடு முழுக்க நமக்குச் சொந்தம் என்ற நியாயம்.

1891ல் செங்கல்பட்டில் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நிலமும் வீட்டுமனையும் படிப்பும் கொடுக்காமல் இவர்கள் நிலைமை மாறாது, மிராசு முன்னுரிமைதான் தடை என்று நேராகவே சொன்னார். எங்க ஊருக்குப் பக்கம் ஈக்காட்டில் இருந்த மெதடிஸ்ட் பாதிரி கௌடியும், செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆண்ட்ரூவும் ஏறக்குறைய இதையே சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெவின்யூ போர்டு மேலதிகாரிகள் ட்ரெமென்ஹீரின் ஆலோசனைகளில் பல்லைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தை 1892 செப்டம்பரில் அரசாணையாகப் போட வழிசெய்தார்கள். இன்றைக்கு நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறதற்குத் தொடக்கம் அது. தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தரிசு ஒதுக்கி, அதை வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம்.

அதே 1892ல், ஜூலை 4ம் தேதி, நெப்ராஸ்காவில் ஒமாஹா என்ற ஊரில் அமெரிக்க விவசாயிகள் கூடி மக்கள் கட்சி என்று ஒன்றுக்குக் கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். ரயில்வேக்காரன் கட்டணத்தில் கொல்கிறான், பேங்க்காரன் வட்டியில் கொல்கிறான், ரயிலை அரசுடைமையாக்கு, வருமானவரி போடு என்று பட்டியல். அந்த வருஷ ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் வீவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வோட்டு. இந்தப் பாபுலிஸ்டுகள்மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டிலும் ஒரு சேரி இருந்தது. தெற்கே வெள்ளை விவசாயிகளின் கூட்டமைப்பில் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை, அவர்கள் 1886ல் டெக்சஸில் தனியாகக் கறுப்பர் விவசாயிகள் கூட்டமைப்பு ஆரம்பித்தார்கள். 1891ல் பருத்தி எடுக்கிற கூலியை உயர்த்தக் கேட்டு அந்தப் பக்கத்து ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளைக் கூட்டமைப்பின் தலைவர் லியோனிடாஸ் போல்க்கே எதிர்த்தார். ஆர்கன்சாவில் வேலைநிறுத்தக்காரர்களைத் துரத்திக் கொன்றார்கள். விவசாயி என்ற ஒரு சொல்லுக்குள் நிலம் உள்ளவனும் கூலிக்காரனும் ஒரு நாள்தான் சேர்ந்து இருக்க முடிந்தது, கூலி என்ற பேச்சு வரும்வரை.

நம்மூரில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1970களில் கோவைப் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்கு எதிராக எழுந்த விவசாயிகள் சங்கம் ஒமாஹாவுக்குக் குறைந்ததில்லை. மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தையே நிறுத்தினார்கள். 1982ல் கட்சியும் ஆனார்கள், 1984ல் நாயுடு போனதும் தேய்ந்தார்கள். அந்தச் சங்கத்துக் கோரிக்கைப் பட்டியலை எடுத்துக்கொண்டு கூலிக்காரன் எங்கே வருகிறான் என்று யாராவது ஒரு பொறுமைசாலி ஆராய்ந்து எழுத வேண்டும்.

பஞ்சமி நிலத்தை ஹோம்ஸ்டெட்டோடு ஒப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான ஒப்பீடு அது இல்லை. உள்நாட்டுப் போர் முடிகிற நேரம், 1865 ஜனவரியில், ஜெனரல் ஷெர்மன் போட்ட உத்தரவு இருக்கிறதே, விடுதலையான அடிமைகளுக்குக் கடற்கரையோரம் நாற்பது ஏக்கர்வரை, அதுதான் சரியான ஜோடி. அந்த வருஷமே ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அங்கே சட்டத்தைத் திருப்பினார்கள். இங்கே சட்டம் அப்படியே இருந்தது, நிலம் மட்டும் கைமாறியது. கடனுக்கு, கலியாணத்துக்கு, கைநாட்டுக்கு. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினவர்கள்மேல் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இர்ஷிக் புத்தகம் வெளியான அதே வருஷம். அந்தத் தற்செயலை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

ஒரு சின்ன விஷயம், நடுவில் சொல்ல மறந்தேன். எங்க திருத்தணி வட்டாரம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜாகிரில் இல்லை. கார்வேட்டிநகர் ஜமீன். பிறகு சித்தூர் ஜில்லா, 1960 ஏப்ரலில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதனால் மிராசு, தர்காஸ்து கதையெல்லாம் எங்க அப்பா ஊரில் வேறு மாதிரி. இருபது கிலோமீட்டர் கிழக்கே, திருவள்ளூர் தாண்டி, அம்மா பிறந்த ஊர் முழுக்க முழுக்க ஜாகிர். தாத்தா காட்டிய மேட்டுக் கொல்லை அங்கே.

போன மாசம் அதற்கு வில்லங்கம் பார்க்கக் காகிதங்களைத் தேடினபோது, மாமா வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு மடித்த பழைய தாள். தமிழும் இங்கிலீஷும் கலந்த தர்காஸ்து உத்தரவு. ஒரு ஏக்கர் சில்லறை. கொள்ளுத்தாத்தா பெயர். மேலே நாலு வரியில் காரணம் எழுதியிருக்கிறது. மேற்படி தரிசுக்கு முதலில் மனு செய்தவர் சேரியைச் சேர்ந்த இன்னார், கிராமத்து மிராசுதாரர் ஆட்சேபித்துத் தாமே எடுத்துக்கொள்ளச் சம்மதித்ததால் அவருக்கு அளிக்கப்படுகிறது. முதல் மனுதாரரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருடைய கொள்ளுப்பேரன் என்னோடு பத்தாவது வரை படித்தவன்.

விஸ்வநாத் முந்நூறு பக்கத்தில் சொன்னது நாலு வரியில் எங்க வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. லோக்கலில் உட்கார்ந்து அடுத்தவன் பாட்டனைப் பற்றிப் படிக்கிற மாதிரி இவ்வளவு நாள் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் காட்டினேன். "படிங்க மாமா" என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அந்தக் காலத்துல சட்டமே அப்படிடா, நாம என்ன திருடியா எடுத்தோம்?" என்றார். சட்டம் அப்படித்தான் இருந்தது, அதை நானும் மறுக்கவில்லை. "அப்ப காடு வெட்டினது நாமதான்னு சொல்றமே?" என்றேன். "நீ ஒண்ணு. வாட்ஸப்ல போட்டு வெச்சிடாத" என்றார். போடவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது, அவள் கையெழுத்து இல்லாமல் பத்திரம் முடியாது. வீட்டுக்கு வந்து தாளைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அந்த மேட்ட வெட்டி சமம் பண்ணது நான் பொறந்தப்புறம்தான்டா. ஏழெட்டு வயசிருக்கும். மம்முட்டி புடிச்சி வெட்டினதெல்லாம் அவங்க ஆளுங்கதான், ரெண்டு கோடை வெட்டினாங்க. எனக்குக் கூழு எடுத்துட்டுப் போற வேலை. மரத்தடியில வெச்சிட்டுத் தள்ளி நிக்கணும்னு ஆயா சொல்லி அனுப்பும்."

"அப்ப கையெழுத்து?"

"ஆடி போவட்டும். அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான், உன்கூடப் படிச்சவன்?"

நம்பர் இருக்கிறது. இந்தக் குறிப்பை முதலில் அவனுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது.